மிஸ் டெனிஸின் வலது எஞ்சின்

காலை ஆறேகால் மணிக்கு ராய்ஸ் ஹேபர்மன் தன் படகின் முன்னறைப் படுக்கையில் செத்துக் கிடந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. முகம் மட்டும் செக்கச்செவேலென்று, நாளெல்லாம் வெயிலில் மீன் பிடித்துவிட்டு அசந்து தூங்குகிறவர் முகம்போல இருந்தது. எஞ்சின் புகையில் செத்தவர்களின் முகம் அப்படித்தான். பார்க்கிறவர்களை ஏமாற்றும்.

துப்பறியும் அதிகாரி லோர்னா புரூயிட் வந்து சேர ஏழு மணியாகிவிட்டது. வரும்போதே அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. அந்தக் கோடையில் ஓசார்க்ஸ் ஏரி அவளை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் உட்காரவிடவில்லை. குடித்துவிட்டுக் குதித்தவன், குதிக்காமலே விழுந்தவன், பாறைமேல் படகை ஏற்றியவன் என்று வாரத்துக்கு ஒருவன். இன்றைக்கு ஒருவர் கரையிலேயே போய்ச் சேர்ந்திருக்கிறார். மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

ஏரிக்கு இறங்கும் சரிவின் தலையில் தகரக் கொட்டகையாக ராய்ஸின் பட்டறை. நடுவில், டிரெய்லர்மேல், 'மிஸ் டெனிஸ்'. முப்பத்தெட்டு அடி நீளப் பந்தயப் படகு. எண்பதுகளில் ராய்ஸின் கையில் இந்த ஏரியையே கலக்கியது, கைமாறிப்போன பிறகு எவனோ ஒருவனின் கொட்டகையில் எலிகளுக்கு வீடாகக் கிடந்தது. அதை ராய்ஸ் மீட்டுக்கொண்டு வந்து, உளுத்துப்போன பின்பலகையை அறுத்தெறிந்து, புதுப்பலகை வைத்துக் கண்ணாடியிழை ஒட்டி, மூக்கிலிருந்து வால்வரை சிவப்படித்துக் கல்யாணப் பெண்ணாக நிறுத்தியிருந்தார். பழைய எஞ்சின்கள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு மடங்கு சக்தியுள்ள இரண்டு புது எஞ்சின்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பானை மாதிரி, காற்றை அழுத்தித் திணித்து வேகத்தைக் கூட்டும் ஒரு சூப்பர்சார்ஜர். வரும் சனிக்கிழமை ஏரியில் நடக்கும் வேகப் போட்டியில் ஓட வேண்டியது.

சார்ஜண்ட் டரெல் அதற்குள் எல்லாவற்றையும் முடிவு கட்டிவிட்டிருந்தான்.

"தற்கொலை," என்றான். "கதவெல்லாம் சாத்தியிருந்திருக்கு. புகையை இழுக்கிற ஃபேன் ஆஃப். வலது எஞ்சினை ஓடவிட்டுட்டு, முதுகுவலி மாத்திரையைப் போட்டுக்கிட்டு உள்ள போய்ப் படுத்துட்டாரு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் எஞ்சின் ஓடி நின்னுருக்கு. மத்தியானத்துக்குள்ள எழுதிக் குடுத்துட்டா வீட்டுக்குப் போய்த் தூங்கலாம், லோர்னா."

"விபத்தா இருக்கக் கூடாதா?"

"முப்பது வருஷமா படகு வெச்சிருக்கிற ஆளு, கதவைச் சாத்திக்கிட்டு எஞ்சினை ஓட்டுவாரா? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

அதுவும் சரிதான். டரெல் சோம்பேறியே தவிர முட்டாளில்லை.

பிணத்தை முதலில் பார்த்தவன் வெஸ் டக்கெட். இரண்டு எஞ்சினையும் கட்டிய மெக்கானிக். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாசலில் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. லோர்னா நிற்க முடியாமல் எதிரே இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள்.

"எப்ப வந்தீங்க?"

"ஆறு, ஆறேகால் இருக்கும் மேடம். அலாரம் கத்திக்கிட்டு இருந்துச்சு. ரோட்டுலயே கேட்டுச்சு."

"என்ன அலாரம்?"

"எஞ்சின் நின்னுபோய் சாவி மட்டும் ஆன்ல இருந்தா கத்தும். ஆயில் ஓடலைன்னு அர்த்தம். செத்தவனையும் எழுப்பிடும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்புறம்?"

"கதவைத் திறந்துவிட்டேன். சாவியை அணைச்சேன். ஹோஸ் பைப்புல தண்ணி முழு வேகத்துல போய்க்கிட்டு இருந்துச்சு, குழாயை மூடினேன். ஏரியில ஓடுறப்ப ஏரித்தண்ணியே எஞ்சினைக் குளிர வெச்சுடும். கரையில ஓட்டினா குழாய்த்தண்ணி விட்டே ஆகணும். பெட்ரோல் கேன் காலியாக் கிடந்துச்சு. அப்புறந்தான் முன்னறைக் கதவைத் திறந்து பார்த்தேன்."

"நேத்து நீங்க எப்பக் கிளம்பினீங்க?"

"எட்டு மணிக்கு. அவரு இங்கயே இருந்துட்டாரு. மாத்திரை போட்டா ஏணி இறங்க முடியாது அவரால. படகுலயே படுத்துடுவாரு, பாதி நாள் அப்படித்தான்."

லோர்னா படகின் பின்பக்கம் பார்த்தாள். கூரைச் சட்டத்திலிருந்து சங்கிலிக் கப்பி தொங்கியது. அதன் கொக்கி இடது எஞ்சினில் மாட்டியிருந்தது.

"அது?"

"இடது எஞ்சினை இன்னும் முழுசா மாட்டல. இன்னிக்கு போல்ட்டைப் போட்டு முடிக்கறதா இருந்தோம்."

"ராய்ஸுக்கு மனசுல ஏதாவது கஷ்டம் இருந்துச்சா?"

வெஸ் தரையைப் பார்த்தான். "முந்தாநாள் மக வந்து கத்திட்டுப் போனா. அதுக்கப்புறம் ஆளே ஒரு மாதிரிதான் இருந்தாரு."

அந்த மகள் எட்டரை மணிக்கு வந்தாள். டெனிஸ். முப்பது வயது, மருத்துவமனைச் சீருடையிலேயே வந்திருந்தாள். கொட்டகைக்குள் வரவில்லை. வாசலில் காரின்மேல் சாய்ந்து நின்றாள். அழவும் இல்லை.

"நான்தான் கொன்னேன்," என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை லோர்னா பலர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். உண்மையிலேயே கொன்றவர்கள் அதைச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"நாலு வருஷம் முன்னாடி இன்னொரு படகுல வேகமாப் போய்த்தான் முதுகை உடைச்சுக்கிட்டாரு. மூணு மாசம் நான்தான் குளிப்பாட்டிவிட்டேன். மறுபடியும் இதைத் தூக்கிட்டு வந்து நிறுத்தினாரு. நான் பொறந்தப்ப என் பேரை இதுக்கு வெச்சாராம். 'டெனிஸ் எப்படி இருக்கா'ன்னு யாராவது கேட்டா படகைப் பத்தித்தான் பேசுவாரு, தெரியுமா? முந்தாநாள் வந்து பாத்தா, என் பையனை மடியில வெச்சு இந்த ஸ்டியரிங்கைச் சுத்தக் கத்துக் குடுத்துக்கிட்டு இருக்காரு. ஆறு வயசு அவனுக்கு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! 'இதுலயே கிடந்து சாவுங்க'ன்னுட்டு வந்துட்டேன்."

சீருடைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்தாள்.

"அப்படியே செஞ்சிட்டாரே," என்றாள் டெனிஸ். "நேத்து சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிட்டாரு. நான் எடுக்கல. கொஞ்சம் தவிக்கட்டும்னு விட்டுட்டேன். எதுக்குக் கூப்பிட்டாரு? பிரியாவிடை சொல்லவா? தற்கொலைதான்னா மூடி மறைக்காம சொல்லிடுங்க."

"இன்னும் தெரியல."

"உங்க சார்ஜண்ட் அதைத்தான் சொன்னாரு."

"அவனுக்கும் தெரியல."

டெனிஸ் போன பிறகு லோர்னா அங்கேயே நின்றாள். டரெல் எழுதப்போகிற நாலு வரி இந்தப் பெண்ணின் கழுத்தில் ஆயுசுக்கும் கல்லாகத் தொங்கும். உண்மை அதுதான் என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் தூக்கம் வருகிறது என்பதற்காக அப்படி எழுதக் கூடாது.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஓட்டிஸ் பிளெவின்ஸின் தூண்டில் கடை. புழு, பொடிமீன், ஐஸ், காபி. கடைக்குப் பின்னாலேயே கேம்பர் வண்டி ஒன்றில் அவர் குடியிருந்தார். மனைவி போனதிலிருந்து அப்படித்தான்.

"காபி பழசு. ஆனா சூடா இருக்கும்," என்றார் ஓட்டிஸ்.

"என் நிலைமையும் பாதி அப்படித்தான், பழசு. ஊத்துங்க."

"இந்தாம்மா, செத்தவரைக் குறை சொல்லக் கூடாது. ஆனா சொல்லாமலும் இருக்க முடியல. ரெண்டு இடத்துக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். அவங்க எஞ்சினுக்குத் தண்ணி திறந்துட்டா என் மீன்தொட்டிக்குச் சொட்டு வராது. போன வாரம் மத்தியானம் பூரா ஓட்டினாங்க. அத்தனை பொடிமீனும் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. போய்ச் சண்டை போட்டேன். அந்த வெஸ் என்ன சொன்னான் தெரியுமா? 'என் எஞ்சின்ல இருக்கிற ஒரு போல்ட்டுக்குப் பெறுமா உன் மீனு'ங்கறான். கொழுப்பைப் பாரு!"

"நேத்து ஓடுச்சா?"

"ஓடாம? ஜன்னலைத் திறந்துபோட்டு உக்காந்திருந்தேன். இருட்டினப்புறம் ஆரம்பிச்சாங்க. பத்து மணி வாக்குல நின்னுச்சு. அப்பாடான்னு கட்டையைச் சாய்ச்சேன். கிழக்கு வெளுக்கறப்ப அந்த அலாரம் சனியன் கத்தி எழுப்பிவிட்டுருச்சு. அப்புறம் பாத்தா இந்தக் கொடுமை."

எட்டு மணிக்குக் கிளம்பினேன் என்று வெஸ் சொன்னான். இருட்டிய பிறகு எஞ்சின் ஓடியது. பத்து மணிக்கு நின்றது. டரெல் சொன்னதற்கு எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. லோர்னா கசப்புக் காபியை ஒரு மிடறு விழுங்கினாள்.

அதற்குள் ஒரு மீன்பிடிக்காரர் உள்ளே வந்து இரண்டு டஜன் பொடிமீன் கேட்டார். ஓட்டிஸ் வலையைத் தொட்டிக்குள் விட்டுத் தூக்கினார். வெள்ளியாய்த் துள்ளின. ஒன்று எகிறி வந்து லோர்னாவின் பூட்ஸ்மேல் விழுந்தது. குனியும்போது அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதை எடுத்துத் தொட்டியில் விட்டாள்.

"நல்ல சரக்கு," என்றார் மீன்பிடிக்காரர்.

"நேத்துக் காலையில வந்தது. ஒண்ணுகூடச் சாகல, பாத்துக்கங்க," என்றார் ஓட்டிஸ் பெருமையாக.

லோர்னா தொட்டியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காபி ஆறிப்போனது.

பட்டறைக்குத் திரும்பி, ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறி, படகின் பின்பக்கத்துக்குப் போனாள். இடது எஞ்சின் பக்கத்தில் ஒரு தகர மூடியில் தடித்த போல்ட்டுகளை யாரோ வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினாள். ஓட்டத்தில் போல்ட் கழன்றுவிடாமல் இருக்கப் போடும் நீலப்பசை, புரிக்குள் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஏறியதைவிட மெதுவாக இறங்கினாள்.

மத்தியானம் இரண்டு மணி. கொட்டகைத் தகரம் அடுப்பாய்க் கொதித்தது. டரெல் காகிதத்தை நீட்டினான். "கையெழுத்துப் போட்டுடு, தாயே."

"வெஸ்ஸைக் கூப்பிடு. அந்த எஞ்சினைப் பத்தி ரெண்டு விஷயம் எனக்குக் காட்டணும்."

வெஸ் வந்தான். லோர்னா சொன்னபடி வலது எஞ்சினின் சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஓடவில்லை, சாவி மட்டும் ஆன். அலாரம் வீறிட்டது. காதைப் பிளக்கும் சத்தம். டரெல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். சரிவுக்கு அந்தப் பக்கமிருந்து ஓட்டிஸின் குரல் வந்தது.

"அணைங்கடா அதை! கருமம்!"

"அணைச்சிடுங்க," என்றாள் லோர்னா. "இப்ப குழாயை முழுசாத் திறங்க."

"எதுக்கு மேடம்?"

"திறங்க."

திறந்தான். ஹோஸ் பைப் விறைத்துத் தண்ணீரைக் கக்கியது. மூவரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சிகரெட் பிடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஓட்டிஸ் கையில் மீன்வலையோடு மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"எவன் குழாயைத் திறந்தது? என் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்குது!"

"மூடிடலாம் ஓட்டிஸ். ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ராத்திரி பத்து மணிக்கு எஞ்சின் நின்னப்ப, இந்த அலாரம் கத்துச்சா?"

"பத்து மணிக்கு இது கத்தியிருந்தா நானே வந்து வயரை அறுத்துப் போட்டிருப்பேனே! விடியறப்பதான் கத்துச்சு."

லோர்னா தானே போய்க் குழாயை மூடினாள். பிறகு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டு பேசக் காலில் தெம்பில்லை.

"டரெல், நீ சொன்னபடி பத்து மணிக்குப் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்னுச்சுன்னு வெச்சுக்குவோம். சாவி ஆன்ல இருக்கு. அலாரம் அப்பவே ஆரம்பிச்சு விடிய விடியக் கத்தணும். கத்தல. அப்படின்னா பத்து மணிக்கு யாரோ சாவியை அணைச்சிருக்காங்க. விடியறப்ப மறுபடியும் ஆன் பண்ணியிருக்காங்க. செத்துப்போன ராய்ஸ் எழுந்து வந்து ரெண்டு தடவை சாவியைத் திருப்ப மாட்டாரு."

டரெலின் வாய் லேசாகத் திறந்தது. "சரி. எவனோ ஒருத்தன் வந்திருக்கான். யாருன்னு எப்படிச் சொல்றது?"

"மீன் சொல்லுச்சு. ராத்திரிச் சூடு கம்மி, ஒண்ணு ரெண்டு மணி நேரம் தாங்கியிருக்கும்; ஆனா விடிய விடிய இந்தக் குழாய் ஓடியிருந்தா அந்தத் தொட்டியில ஒரு உசுரு மிஞ்சியிருக்காது. காலையில என் பூட்ஸ்மேல துள்ளிச்சு. அப்ப, எஞ்சினை நிறுத்தினவன் பத்து மணிக்கே குழாயையும் மூடிட்டான். விடியறப்ப எவனாவது திறந்திருந்தா, அலாரத்துல முழிச்ச ஓட்டிஸ் இப்ப மாதிரியே வலையோட ஓடி வந்திருப்பாரு." அவள் வெஸ்ஸின் பக்கம் திரும்பினாள். "ஆனா காலையில நீங்க வந்தப்ப தண்ணி முழு வேகத்துல போய்க்கிட்டு இருந்துச்சுன்னு சொன்னீங்க. மூடியிருந்த குழாயை எப்படி மூடினீங்க, வெஸ்?"

ஓட்டிஸ் கையிலிருந்த வலையை மெதுவாகக் கீழே வைத்தார்.

லோர்னா போல்ட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இடது எஞ்சினை இன்னும் மாட்டலைன்னீங்க. மாட்டப்போற போல்ட்டுல பசை ஈரமா இருக்கும், இல்ல பசையே இருக்காது. இது காய்ஞ்சு உதிருது. மாட்டி இறுக்கினதை நேத்து ராய்ஸ்தான் கழட்டியிருக்கணும். சனிக்கிழமை போட்டி. சாகப்போற மனுஷன் எதுக்கு முதுகுவலியோட போல்ட்டைக் கழட்டணும்?"

"பழைய எஞ்சினே போதும்னாரு," என்றான் வெஸ். "மக சொன்னது நியாயம்னாரு. வேகமெல்லாம் போதும், பேரனை உக்கார வெச்சு மெதுவா ஏரியைச் சுத்தினாப் போதும்னாரு. என் கண்ணு முன்னாடியே ஸ்பேனரை எடுத்தாரு. ரெண்டு வருஷம் மேடம். என் ஜென்மத்துல நான் கட்டினதுலயே நல்ல எஞ்சினுங்க இதுங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட ஏரித்தண்ணியில இறங்கல."

"மாத்திரை போட்டுக்கிட்டு அவர் படுத்தப்புறம் கதவைச் சாத்தி எஞ்சினை ஓடவிட்டீங்க. சரி. தற்கொலைன்னு நாங்க நம்பணும்னா அதை அப்படியே ஓடவிட்டுட்டுப் போயிருக்கணும். ஏன் அணைச்சீங்க?"

வெஸ் அவளைப் புரியாதவன்போலப் பார்த்தான். கேள்வியே அவனுக்கு வேடிக்கையாக இருந்தது போலும்.

"சூடு காட்டுற மீட்டர் ஊசி ஏறிக்கிட்டே இருந்துச்சே. கிணத்துல தண்ணி இறங்கி பைப்புல வேகம் இல்ல. சூடு தாங்காம பிஸ்டன் போயிருக்கும்."

"ஊசி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க வெளியில இல்ல இருந்தீங்க?"

"அப்பப்ப மூச்சைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போய்ப் பாத்தேன்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவை."

லோர்னாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உடம்பில் அதற்குச் சத்து இல்லை. வெறும் வருத்தம்தான் வந்தது.

"மூணு தடவை," என்றாள். "மீட்டருக்குப் பக்கத்துலயே முன்னறைக் கதவு. கையை நீட்டினாத் திறந்திருக்கலாம்."

வெஸ் தலையைக் குனிந்துகொண்டான். மிச்சத்தை அவனே சொன்னான். வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான், அணைந்த எஞ்சினைப் பார்த்தால் தற்கொலை என்று யாரும் நம்ப மாட்டார்கள் என்று உறைத்ததாம். விடியும் முன் வந்து, கேனில் மிச்சமிருந்த பெட்ரோலைத் தன் டிரக்கில் ஊற்றிக்கொண்டு, சாவியைத் திருப்பினானாம். அலாரம் கத்தும் என்பது அவன் எதிர்பார்த்ததுதான். அது ராத்திரியே கத்தியிருக்க வேண்டும் என்பதுதான் தோன்றவில்லை. டரெல் தான் எழுதிய காகிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, விலங்கை எடுத்தான்.

சாயங்காலம் லோர்னா டெனிஸின் வீட்டுக்குப் போனாள். உள்ளே பையன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.

டெனிஸ் கேட்டு முடித்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை இப்போது வந்தது. லோர்னா தடுக்கவில்லை.

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாரா?" என்றாள் டெனிஸ் கடைசியில். "ஏழு மணிக்கு?"

"அப்படித்தான் இருக்கணும். அப்ப போல்ட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தாரு."

"இருபது வருஷமா ஒரு பேச்சுக் கேக்கல அந்த மனுஷன். கேட்ட அன்னிக்கே போயிட்டாரு. நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா உசுரோட இருந்திருப்பாரு, இல்ல?"

பொய் சொல்ல லோர்னாவுக்குத் தெம்பில்லை. "இருந்திருக்கலாம். சனிக்கிழமை வரைக்குமோ, அதுக்கு மேலயுமோ. எனக்குத் தெரியாது. ஆனா கொன்னது வெஸ். நீங்க சொன்னதை உங்க அப்பா கேட்டாரு, அவ்வளவுதான். ரெண்டையும் சேத்துப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

டெனிஸ் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெகுநேரம் ஏரிப் பக்கம் பார்த்தாள்.

"படகை எப்பத் தருவீங்க?"

"கேஸ் முடிஞ்சதும். மாசக்கணக்கில ஆகும்."

"ஆகட்டும். நல்ல மெக்கானிக் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க," என்றாள் டெனிஸ். "அப்பா கழட்டாம விட்ட அந்த இன்னொரு எஞ்சினையும் கழட்டணும்."

லோர்னா யோசித்து, தனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைச் சொன்னாள்.